பத்து சென்ட் பறம்பும் எளிய வாழ்க்கையும்

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான். அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. வாடகை கொடுக்க வேண்டும். அரிசி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவு இருக்கிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அப்போது வீட்டில் ஒரு பேச்சு வரும்.

"பேசாமல் கிராமத்துக்குப் போய்விடலாம். ஒரு துண்டு நிலம் போதும். நாலு தென்னை, ஒரு பசு, பத்துக் கோழி. எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். எளிமையாக வாழலாம்."

கேட்பதற்கு இது நன்றாக இருக்கிறது. ஆனால் இது நடக்குமா? எளிய வாழ்க்கை என்றால் உண்மையில் என்ன? அதில் யார் உழைக்க வேண்டும்? எவ்வளவு உழைக்க வேண்டும்? ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். முதலில் ஆழத்தைப் பார்ப்போம்.

பார்வைக்குத் தெரிவது

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி வழியாகத் தெற்கே போனால் பெரும்படப்பு வரும். அங்கே பாலத்தைக் கடந்தால் கும்பளங்கி. காயலுக்கு நடுவே உள்ள ஊர் அது. அங்கே தென்னை மரங்களும், சீனவலைகளும், நீர் நிறைந்த வயல்களும் இருக்கின்றன. 2003இல் அங்கே மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டம் தொடங்கியது. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். பெண்கள் கயிறு திரிப்பதைப் பார்க்கிறார்கள். மீன் பிடிப்பதைப் பார்க்கிறார்கள். ஓலை முடைவதைப் பார்க்கிறார்கள்.

"ஆகா, எவ்வளவு எளிய வாழ்க்கை!" என்று சொல்லிவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் பார்த்தது ஒரு மணி நேரம். கயிறு திரிப்பவரின் நாள் அதைவிட நீளமானது. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் நீரில் ஊறப் போட வேண்டும். அது அழுகி நாறும். பிறகு அதை எடுத்துத் தடியால் அடித்து நாராக்க வேண்டும். அதன் பிறகுதான் திரிப்பது. பார்க்க வருகிறவர் கண்ணில் படுவது கடைசி வேலை மட்டும்தான்.

இதை மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில், தோபிகானா இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்கின்றன. துணி காயப்போடும் கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் ஓரத்தைக் கயிற்றின் புரிகளுக்கு நடுவே செருகினால் போதும். கிளிப் வேண்டாம். காற்றடித்தாலும் விழாது. கருவி மிக எளிது. ஆனால் குனிந்து அடித்துத் துவைக்கும் முதுகைக் கேட்டால்தான் உழைப்பு எவ்வளவு என்று தெரியும்.

கிராமத்துப் பறம்பும் அப்படித்தான். கருவி எளிது, உழைப்பு பெரிது.

பத்து சென்ட் எப்படி வந்தது?

வீடும், வீட்டைச் சுற்றியுள்ள மரம் செடிகளும் சேர்ந்த நிலத்தைக் கேரளத்தில் பறம்பு என்கிறார்கள். கேரளத்தில் ஏழைகளுக்குப் பறம்பு சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பு அவர்கள் நில உடைமையாளரின் நிலத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். போ என்றால் போக வேண்டும். அவர்களைக் குடிகிடப்புக்காரர் என்று அழைத்தார்கள்.

1963இல் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1969இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குடிசை இருந்த இடத்தைக் குடிகிடப்புக்காரரே வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை. நகராட்சியில் 5 சென்ட் வரை. பெரிய நகரத்தில் 3 சென்ட் வரை.

"இனி யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது" என்பதே அந்தப் பத்து சென்ட்டின் முதல் பயன். எளிய வாழ்க்கைக்கு முதலில் வேண்டியது இந்த உறுதிதான். பிறர் நிலத்தில் பயந்து பயந்து இருப்பவரின் வாழ்க்கையை எளிமை என்று சொல்ல முடியாது.

பறம்பு என்ன தரும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. பத்து சென்ட் என்றால் ஏறக்குறைய 4,350 சதுர அடி. அதில் 600 சதுர அடியில் சிறு வீடு. மீதி நிலத்தில் தென்னை வைக்கலாம். ஒரு தென்னைக்கும் அடுத்த தென்னைக்கும் 25 அடி இடைவெளி வேண்டும். அப்படியானால் 6 மரங்கள் வைக்கலாம்.

நாட்டுத் தென்னை காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். நன்றாகக் கவனித்தால் ஒரு மரம் ஆண்டுக்கு 60 காய் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மரத்துக்கு 360 காய். அதாவது நாளுக்கு ஒரு தேங்காய்.

கேரளத்துச் சமையலில் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு தேங்காய் செலவாகிவிடும். எண்ணெய் ஆட்ட மிஞ்சாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் பத்துத் தேங்காய் வேண்டும்.

ஆனால் பறம்பில் தென்னை மட்டும் இருப்பதில்லை. தென்னையின் நிழலில் வாழை வளரும். மரத்தில் மிளகுக் கொடி ஏறும். ஓரத்தில் பலா, மா, முருங்கை. கீழே சேனை, சேம்பு, மரவள்ளி. அதற்கும் கீழே இஞ்சி, மஞ்சள். உயரமான மரம் மேலே உள்ள வெயிலை எடுத்துக்கொள்ளும். நிழலைத் தாங்கும் செடி மீதி வெயிலில் வளரும். வேர்களும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. மாடி வீடு கட்டுவது போல, ஒரே நிலத்தில் பல அடுக்காகப் பயிர் செய்கிறார்கள். ஒரு பயிர் கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். இது கேரள மக்கள் பல தலைமுறையாகக் கண்டறிந்த அறிவு.

இதனால் காய்கறிச் செலவு குறையும். பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும். கீரை கிடைக்கும். இது பெரிய லாபம். ஆனால் எல்லாம் கிடைத்துவிடாது.

அடுப்புக்கு என்ன செய்வது? ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 ஓலையை உதிர்க்கும். ஆறு மரத்துக்கு 72 ஓலை. ஐந்து நாளைக்கு ஓர் ஓலை. அதோடு நாளுக்கு ஒரு தேங்காயின் மட்டையும் சிரட்டையும். இவற்றை வைத்து மூன்று வேளை சமைக்க முடியாது. கேஸ் வாங்கத்தான் வேண்டும். விறகுப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. ஆகவே கேஸ் வாங்குவதால் எளிமை கெட்டுப்போவதில்லை.

மரம் ஏறுவதற்கும் ஆள் வேண்டும். இப்போது ஆள் கிடைப்பது அரிது. கொச்சியில் தலைமையகம் உள்ள தென்னை வளர்ச்சி வாரியம் இதற்காகவே 2011இல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. கருவி கொண்டு மரம் ஏற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். சொந்த மரம் இருந்தாலும், ஏறுகிறவருக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும்.

அரிசி எங்கிருந்து வரும்?

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 50 கிலோ அரிசி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600 கிலோ. இதற்கு ஏறக்குறைய 900 கிலோ நெல் வேண்டும்.

கொச்சியைச் சுற்றியுள்ள உப்புநீர் நிலங்களில் விளைவது பொக்காளி நெல். ஏக்கருக்குச் சுமார் 600 முதல் 800 கிலோ வரை விளையும். ஆகவே ஒரு குடும்பம் சாப்பிட ஒரு ஏக்கருக்கு மேல் வயல் வேண்டும். பத்து சென்ட் பறம்பில் அது நடக்காது. பறம்பில் வாழ்பவரும் ரேஷன் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

உப்பு, துணி, மருந்து, சோப்பு, பிள்ளைகளின் புத்தகம், மின் கட்டணம் ஆகியவையும் அப்படித்தான். எதையும் வாங்காமல் வாழலாம் என்பது கனவு. எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று தெரிந்து வாழலாம். அது நடக்கக் கூடியது.

சுற்றிலும் தண்ணீர், குடிக்க?

கும்பளங்கி போன்ற ஊர்களில் நாலு பக்கமும் தண்ணீர். ஆனால் கோடையில் அது உப்பு. கிணறும் உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 600 சதுர அடிக் கூரையில் விழும் மழையில், வீணாவது போக, சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால், மழையில்லாத ஐந்து மாதத்துக்கு 7,500 லிட்டர் போதும். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் கோடையைச் சமாளிக்கலாம். ஆனால் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. அது கூரையின் அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். தொட்டியை மூடி வைக்க வேண்டும். கொசு புகக்கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் வந்திருக்கிறது. கடல் ஏற்றத்தை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் கும்பளங்கியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வேலியேற்ற நாட்களில் உப்புநீர் முற்றத்துக்கும் வீட்டுக்குள்ளும் வருகிறது. சுவர் அரிக்கிறது. செடிகள் கருகுகின்றன. கழிப்பறையில் நீர் நிற்கிறது. நிலம் பார்க்கப் போகிறவர்கள் கோடையில் ஒரு முறையும், மழையில் ஒரு முறையும், வேலியேற்ற நாளில் ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

பசு இருந்தால் பால் கிடைக்கும், எரு கிடைக்கும். உண்மைதான். ஆனால் ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசும்புல் வேண்டும். பத்து சென்ட்டில் அவ்வளவு புல் வளராது. அறுத்துக்கொண்டு வர வேண்டும், அல்லது வைக்கோலும் தீவனமும் வாங்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் பால் கறக்க வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றாலும், காய்ச்சல் என்றாலும் கறக்க வேண்டும். கன்று போட்ட பின் சுமார் பத்து மாதம் பால் கிடைக்கும். பிறகு வற்றிவிடும். அப்போதும் தீனி போட வேண்டும்.

கோழிக்குச் செலவு குறைவு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். கீரியும் நாயும் பிடிக்காமல் காக்க வேண்டும். முதன்முதலில் பறம்புக்குப் போகிறவர்கள் பசுவில் தொடங்காமல் கோழியில் தொடங்குவது நல்லது.

யாருடைய கை?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்த வேலைகளை எல்லாம் செய்வது யார்?

விடிவதற்கு முன் எழுந்து முற்றம் கூட்டுவது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? புல் அறுப்பது, சாணம் அள்ளுவது, கோழியை அடைப்பது, ஓலை கீறுவது, மூன்று வேளை சமைப்பது யார்? பல வீடுகளில் பதில் ஒன்றுதான். அம்மா.

"எங்கள் வீட்டில் செலவே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லலாம். செலவு இல்லாமல் இல்லை. அந்தச் செலவை ஒரு பெண் தன் உடம்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கூலி இல்லை. அதனால் கணக்கில் வருவதில்லை.

ஒருவர் மட்டும் ஓடி ஓடி உழைக்க, மற்றவர்கள் எளிமையாக இருப்பதை எளிய வாழ்க்கை என்று சொல்லலாமா? கிராமத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவரவர் வேலை எது என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டுப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் இந்த முடிவை எடுக்கக்கூடாது.

தனியாக முடியாது

பொக்காளி வயல் ஒரு நல்ல பாடம் சொல்கிறது.

ஏப்ரலில் வயலின் தூம்பை அடைத்து நீரை வடிப்பார்கள். மண்ணைக் கூட்டிச் சிறு மேடுகள் அமைப்பார்கள். ஜூனில் மழை வந்து மேட்டில் உள்ள உப்பைக் கழுவும். முளைகட்டிய விதையை மேட்டில் தூவுவார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிச் சுற்றிலும் பரப்புவார்கள். உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். அக்டோபர் வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். இதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். நின்ற தாள் நீரில் அழுகும். நவம்பரில் உப்புநீரை உள்ளே விட்டால் இறால் குஞ்சுகளும் வரும். அழுகிய தாள் இறாலுக்கு இரையாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்து வயல்காரர் நெல் வேண்டாம், ஆண்டு முழுவதும் இறால் போதும் என்று உப்புநீரை விட்டால், இவருடைய நெல்லும் கெடும். இறாலில் பணம் அதிகம். அறுவடைக்கு ஆள் குறைவு. அதனால் பல வயல்களில் இப்போது நெல் இல்லை. வயலையும் நீர்நிலத்தையும் மண் போட்டு மூடுவதைத் தடுக்க 2008இல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் மண் கொட்டுவதைத் தடுக்கும். ஆனால் வரப்பில் கூடிப் பேசி முடிவெடுப்பது மக்கள் கையில்தான் இருக்கிறது.

1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் அயல்கூட்டமாகச் சேர்ந்தார்கள். சேமித்தார்கள். பல இடங்களில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்து பயிர் செய்கிறார்கள். எளிய வாழ்க்கைக்கு அக்கம்பக்கம் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

கணக்கு எழுதிய எளியவர்

எளிமையாக வாழ்ந்த பெரியவர்களில் ஒருவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். நல்ல வருமானம் இருந்தது. 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் உடுத்தினார். 1934இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், கைக்காகிதம் ஆகிய தொழில்களை வளர்க்கப் பாடுபட்டார். தம் கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

எளிமை பேசியவர் கணக்குப் படித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராமத்துக்குப் போனால் அங்கே என்ன விளைகிறது, என்ன வெளியே போகிறது, என்ன உள்ளே வருகிறது என்று அவர் கணக்கெடுக்கச் சொன்னார்.

அமெரிக்காவிலும் ஹெலன் நியரிங், ஸ்காட் நியரிங் என்ற தம்பதி 1932இல் நியூயார்க் நகரத்தை விட்டு வெர்மான்ட் மலைநாட்டுக்குப் போனார்கள். கல் வீடு கட்டினார்கள். காய்கறி பயிரிட்டார்கள். கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நாளில் நாலு மணி நேரம் வேலை என்று திட்டம் போட்டார்கள். அவர்களுக்கும் கைப்பணம் தேவைப்பட்டது. அதற்காக மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி விற்றார்கள்.

பறம்பில் வாழ்பவருக்கும் விற்பதற்கு ஒரு பொருளோ, கூலி தரும் ஒரு தொழிலோ கட்டாயம் வேண்டும்.

எளிமை வேறு, வறுமை வேறு

மருத்துவமனைக்குப் போகப் பணம் இல்லாதது எளிமை ஆகாது. அது வறுமை. பெண் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் புல் அறுக்க அனுப்புவது எளிமை ஆகாது. அது அநீதி. கழிப்பறை இல்லாத வீடு எளிய வீடு ஆகாது. அது நோய்க்கு வாசல்.

எளிமை என்பது தானாக விரும்பி ஏற்பது. வயிறு நிறைந்திருக்கும். தேவை தெரிந்திருக்கும். பிறர் உழைப்பைத் திருடாமல் இருக்கும். கடன் இல்லாமல் இரவில் தூங்க முடியும். இது கிராமத்திலும் முடியும். மட்டாஞ்சேரியின் ஓர் அறை வீட்டிலும் முடியும்.

போக நினைப்பவர்களும், இங்கேயே இருப்பவர்களும் இன்றே ஒரு காரியம் தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்தில் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இன்று கடையில் வாங்கியது. இரண்டாவதில் நாமே வளர்த்தது அல்லது செய்தது. மூன்றாவதில் விற்றது அல்லது கூலியாகப் பெற்றது. நாலாவதில் வீட்டில் யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது. அம்மாவின் உழைப்பை விட்டுவிடாமல் எழுதுங்கள்.

மூன்று மாதம் எழுதிய பிறகு எல்லோரும் கூடிப் படித்துப் பாருங்கள். கிராமத்துக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு அந்த நோட்டே பதில் சொல்லும். எழுதப் படிக்கக் கற்றதன் பயன்களில் இதுவும் ஒன்று.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் விலை கொடுத்து வாங்கும் பொருள்களில் எவற்றை நீங்களே வளர்க்கவோ செய்யவோ முடியும்?

2. உங்கள் வீட்டில் கூலி இல்லாத வேலைகள் எவை? அவற்றை யார் செய்கிறார்கள்? அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா?

3. பத்து சென்ட் நிலம் வாங்கப் போகும் ஒருவர் எந்த எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்? பட்டியல் எழுதுங்கள்.

4. எளிமைக்கும் வறுமைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் தெருவில் கண்ட ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு சொல்லுங்கள்.